மேளம் சோறு போடுமா?

எஸ்பிஎம் தேர்வு முடிந்து அடுத்து என்ன படிப்பது என்ற பேச்சு எழும்போது, பாகான் டாலாம், மாக் மண்டின் வட்டாரத்து வீடுகள் பலவற்றில் ஒரு வாக்குவாதமும் கூடவே கிளம்புகிறது. "மேளம் அடிச்சா சோறு போடுமாடா?" என்று அப்பா கேட்கிறார். "பிடிச்சதச் செய்ய விடுங்கப்பா" என்கிறான் மகன். அம்மா நடுவில் நின்று, "முதல்ல டிப்ளோமாவ முடி, பாட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சமாதானம் பேசுகிறார். மேடை ஏறத் துடிப்பது மகள் என்றால் வாக்குவாதம் இன்னும் கொஞ்சம் நீளும். இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்பதும் அதில் சேர்ந்துகொள்ளும்.

இவர்களில் யாரும் தவறாகப் பேசவில்லை. அப்பா வருமானத்தைப் பற்றிக் கேட்கிறார், மகன் விருப்பத்தைப் பற்றிப் பதில் சொல்கிறான். கேள்வி ஒன்று, பதில் வேறு. அதனால்தான் இந்தப் பேச்சு எந்த வீட்டிலும் ஒரு முடிவுக்கு வருவதில்லை. கலைக்குப் போகலாமா, கூடாதா என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும். இரண்டுமே பிள்ளைக்கு உதவாது. அதையே நான்காகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். எங்கே கற்றுக்கொள்வது? யார் முன்னால் செய்து காட்டுவது? காசு எந்த வழியில் வருகிறது? உருவாக்கிய பாட்டும் படமும் யாருக்குச் சொந்தம்? இந்த நான்குக்கும் தெளிவான பதில் உண்டு. நம் வட்டாரத்தில் திறமைக்குப் பஞ்சமில்லை. இந்தப் பதில்களைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்ல ஆள்தான் குறைவு.

முதலில் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீவுதான் நினைவுக்கு வரும். பாகான் டாலாம் கடலுக்கு இக்கரையில், பட்டர்வொர்த்தில், துறைமுகத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் அருகில் இருக்கிறது. மாநில மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் இந்தியர். அவர்கள் செறிந்து வாழும் சட்டமன்றத் தொகுதிகளில் இதுவும் ஒன்று. துறைமுகத்திலும் இரயில்வேயிலும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே ஏராளம்.

கலை என்ற பெயரில் நடப்பதெல்லாம் நெடுங்காலம் அக்கரையிலேயே நடந்துவந்தது. ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2010-இல் ஜார்ஜ்டவுன் விழா தொடங்கியது. 2012-இல் அந்த விழாவுக்காக எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மேனியன் தெருச் சுவரில் தீட்டிய, சைக்கிளில் போகும் இரு குழந்தைகளின் ஓவியத்தை இன்றைக்கும் சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய பேருந்துப் பணிமனையான ஹின் பஸ் டிப்போ 2014-இல் கலைக்கூடமாக மாறியது. இக்கரைக்குக் காற்று வீசியது அதற்குப் பிறகுதான். 2015-இல் பட்டர்வொர்த் ஃபிரிஞ்ச் விழா வந்தது. ஈராண்டு கழித்து ஒரு பின்சந்து முழுவதும் சுவரோவியம் தீட்டி 'பட்டர்வொர்த் ஆர்ட் வாக்' என்று திறந்தார்கள். பெர்ரியில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தூரம்தான். ஆனால் வாய்ப்பு இக்கரைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

கற்பது எங்கே?

கலை கற்பது என்றால் நம்மில் பலருக்கு வகுப்பு, கட்டணம், சான்றிதழ் என்ற வரிசைதான் தோன்றுகிறது. பியானோவில் எட்டு கிரேடு, பரதத்தில் அரங்கேற்றம். அவை நல்லவைதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் பள்ளி கோயில் வாசல். உறுமி மேளக் குழுவைச் சற்று அருகில் போய்ப் பார்த்தால் இது விளங்கும்.

உறுமி இடை சுருங்கிய இருமுக மேளம். கழுத்தில் மாட்டித் தொங்கவிட்டு, ஒரு முகத்தின் தோலை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்க வேண்டும், மறுமுகத்தை இன்னொரு குச்சியால் அடிக்க வேண்டும். தேய்க்கும் கையில் அழுத்தம் கூடினால் ஒலி நசுங்கிவிடும், குறைந்தால் எழவே எழாது. புதிதாகச் சேரும் பையனுக்குத் தொடக்கத்தில் கிடைப்பது வெறும் கீச்சொலிதான். அடிவயிற்றிலிருந்து புறப்படும் அந்த உறுமல் கைவர நெடுநாள் பழக வேண்டும். அப்படிப் பழகிய பிறகும் தனியாக வாசித்துப் பயனில்லை. பம்பை, தவில், தப்பு ஆகியவற்றோடு சேர்ந்து நிற்க வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் காவடி எடுப்பவரின் கண்ணையும் காலையும் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும். அவர் தளர்ந்தால் அடியை மாற்ற வேண்டும், அருள் ஏறினால் விட்டுக்கொடுத்துப் பின்தொடர வேண்டும். எதிரில் இருப்பவரைக் கவனித்து உடனுக்குடன் மாற்றி வாசிக்கும் இந்தத் திறனைத்தான் மேடை இசைக்குழுக்கள் பல ஆண்டுப் பயிற்சியில் தேடுகின்றன. பாகான் டாலாம் பையனுக்கு அது பதினைந்து வயதிலேயே கிடைத்துவிடுகிறது. அதைப் படிப்பு என்று சொல்ல மட்டும் நமக்கு மனம் வருவதில்லை.

உறுமி மேளம் என்றதும் அடிதடி, கும்பல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தக் கவலையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பிள்ளை யாரோடு சேர்கிறான் என்று பார்ப்பது பெற்றோரின் கடமை. ஆனால் அதற்கு மருந்து மேளத்தைப் பறிப்பதா, ஒத்திகைக்கு வெளிச்சமான ஓர் இடத்தைத் தந்து பெரியவர் ஒருவரைப் பொறுப்பாக்குவதா என்று யோசிக்க வேண்டும். இடமில்லாத குழு சாலையோரத்தில் ஒத்திகை பார்க்கும். சாலையோரத்தில் பார்த்தால் புகார் வரும். புகார் வந்தால் பெயர் கெடும். பல குழுக்களின் கெட்ட பெயருக்குப் பின்னால் இந்தச் சங்கிலிதான் இருக்கிறது.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு வழிகள் பக்கத்திலேயே உண்டு. 1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யுஎஸ்எம்) தீவில்தான் இருக்கிறது. பெயரில் அறிவியல் இருந்தாலும் இசை, நாடகம், ஓவியம் கற்பிக்கும் கலைப் பள்ளி ஒன்றும் அதற்குள் இயங்குகிறது. உள்ளூர் இசை மரபுகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் டான் சூயி பெங் அங்கே பேராசிரியராகப் பணியாற்றியவர். அங்கே நாடகம் கற்பித்த ஜானெட் பிள்ளையின் முயற்சியில் உருவான ஆர்ட்ஸ்-எட் அமைப்பு, பினாங்குச் சிறுவர்களைத் தங்கள் தெருக்களின் கதையைத் தாங்களே சேகரித்து நாடகமாகவும் படமாகவும் செய்ய வைத்தது. பரதம், கர்நாடக இசை என்றால் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் கோலாலம்பூரில் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அமைப்பின் கிளை பினாங்கிலும் உண்டு. தலைநகரில் அரசாங்கத்தின் கலைக் கழகமான அஸ்வாரா இருக்கிறது. கலையைப் பட்டமாகவே படிக்கலாம் என்பது நம் பெற்றோர் பலருக்கு இன்னும் புதிய செய்தி. அம்மா கேட்கும் டிப்ளோமாவையும் மகன் கேட்கும் இசையையும் ஒரே சேர்க்கைப் படிவத்தில் எழுத முடியும்.

யார் முன்னால்?

இரண்டாவது கேள்விக்கு, முன்னால் போனவர்களின் தடத்தைப் பார்ப்பதே நல்லது. மூன்று தடங்களைச் சொல்கிறேன்.

மலாய்த் திரையுலகின் ஈடிணையற்ற கலைஞர் பி. ரம்லி 1929-இல் பினாங்கில் பிறந்தவர். அவரை இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கண்டெடுத்தது 1948-இல், நம் இக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விவசாயக் கண்காட்சியின் மேடையில். பெரிய அரங்கம் கிடைக்கட்டும் என்று அந்த இளைஞர் காத்திருக்கவில்லை. கண்காட்சிக்கு வந்த கூட்டத்தின் முன் பாடினார், அங்கிருந்து சிங்கப்பூருக்கு அழைக்கப்பட்டார். இரண்டே ஆண்டில், தமிழரான எல். கிருஷ்ணன் 1950-இல் இயக்கிய 'பக்தி' படத்தில் கதாநாயகனானார். சிறிய மேடையைச் சிறிதென்று ஒதுக்க வேண்டாம் என்பது முதல் தடம்.

இரண்டாவது தடம் அலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் முன்னின்ற இந்தக் குழு 1960களின் இறுதியில் பினாங்கில் உருவானது. ஹாங்காங் வரை சென்று மேடையேறி, பிறகு மலாய்ப் பாடல்களால் நாடு முழுவதும் வீட்டுப் பெயரானது. லோகநாதன் 2007-இல் மறைந்த பிறகும் அந்தப் பாடல்கள் மறையவில்லை. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் மலாய் ரசிகர்களின் நெஞ்சில் இடம்பிடித்தது சும்மா நடந்ததல்ல. மற்றவர்களின் பாடல்களை இரவுதோறும் பாடிப் பாடிக் குழுவாக இறுகிய பிறகே தங்களுக்கென்று பாடல் செய்தார்கள். பிறர் பாட்டைப் பாடுவது கேவலம் என்று நினைக்கும் இன்றைய இளைஞர் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது தடம் யோகி பி. 1990களில் பொயட்டிக் அமோ குழுவில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ராப் பாடியவர். 2006-இல் நட்சத்ரா குழுவோடு 'வல்லவன்' என்ற தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார். மலேசியத் தெருத் தமிழும் செந்தமிழும் ராப் தாளத்தில் ஒன்றாக ஓடிய அந்தத் தொகுப்பு கடல் தாண்டிப் போனது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் ஒலித்தது. 2017-இல் 'விவேகம்' வரை அந்த உறவு தொடர்ந்தது. கோடம்பாக்கத்தைப் போல் பாடினால்தான் கோடம்பாக்கம் கூப்பிடும் என்ற எண்ணத்தை அவர் பொய்யாக்கினார். அங்கே இல்லாத ஒன்று இங்கே இருந்ததால்தான் கூப்பிட்டார்கள்.

ஓவியத்திலும் இத்தகைய தடம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தின் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்து, பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்துத் திரும்பி, இராமாயணக் காட்சிகளையும் காதலையும் தன் பாணியில் தீட்டி மலேசியாவின் முன்னணி ஓவியர்களில் ஒருவரானார்.

மூன்று இசைத் தடங்களிலும் மொழியும் பாணியும் வேறு. பொதுவாக இருப்பது ஒன்றுதான். முகம் தெரிந்த கூட்டத்தின் முன் பல நூறு முறை நின்ற பிறகே முகம் தெரியாத கூட்டம் அவர்களைத் தேடி வந்தது. இன்று கைப்பேசியில் ஒரு காணொளியை ஏற்றிவிட்டு எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் அந்த முதல் படியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, ஒற்றுமைப் பொங்கல், அக்கம்பக்கத்துக் கல்யாணம் ஆகியவைதான் முதல் படி. மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு விழா உண்டு.

காசு எந்த வழியில்?

மறைக்காமல் சொல்ல வேண்டிய பகுதி இது. பாட்டை இணையத்தில் ஏற்றினால் பணம் கொட்டும் என்று நினைப்பவர்கள் சில எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஓராண்டில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒன்றுமே கிடையாது. 2024 முதல் இதுதான் விதி. அந்த எல்லையைத் தாண்டினாலும் ஒரு முறை கேட்பதற்கு ஓரிரு சென்னுக்கு மேல் தேறுவது அரிது. யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி மட்டும் போடுபவர்களுக்குக் கணக்கு இன்னும் பெரியது. ஆக, இணையம் ஆளை ஊருக்குத் தெரிய வைக்கும் இடம். சோற்றுக்கு அதை மட்டும் நம்பினால் பட்டினிதான்.

அப்படியானால் கலைஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? ஒரே வழியில் யாரும் பிழைப்பதில்லை. மேடைக் கூலி ஒரு வழி: கல்யாணம், கோயில் உபயம், நிறுவன விருந்து. கற்பிப்பது இரண்டாவது வழி. வாரம் சில வகுப்புகள் எடுக்கும் மிருதங்கக்காரருக்கு மாத வருமானத்தின் அடித்தளம் அதுவாகத்தான் இருக்கும். பிறர் கேட்டுச் செய்து கொடுக்கும் வேலை மூன்றாவது: கடைக்கு விளம்பர இசை, உணவகத்துக்குச் சுவரோவியம், வானொலிக்குக் குரல், வேறொருவர் பாட்டுக்கு மிக்ஸிங். உரிமைத்தொகை நான்காவது. சென்டானா போன்ற அமைப்புகள் தரும் மானியம் ஐந்தாவது. 2017-இல் தொடங்கப்பட்ட சென்டானா, கலைத்துறைக்கென்றே உள்ள அரசுசார்ந்த முகமை. இந்த ஐந்தும் சேர்ந்தால் ஒரு சம்பளம் ஆகும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை இழிவாக நினைப்பவர்தான் முப்பது வயதில் துறையை விட்டு ஓடுகிறார்.

பகலில் தொழிற்சாலையில் வேலை, இரவில் ஸ்டுடியோ என்று வாழ்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல வேண்டாம். நிலையான சம்பளம் இருப்பதாலேயே, பிடிக்காத பாட்டை மறுக்கும் துணிவு அவர்களுக்கு இருக்கிறது. முழுநேரம், பகுதிநேரம் என்பது கலையின் தரத்தைச் சொல்வதில்லை. காலண்டர் எப்படி நிரம்புகிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

யாருக்குச் சொந்தம்?

நான்கு கேள்விகளில் நம் இளைஞர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மாக் மண்டினில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வரி எழுதினார், ஒருவர் மெட்டமைத்தார், ஒரு தங்கை பாடினார், ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் தன் செலவில் பதிவுசெய்து கொடுத்தார். இந்த ஒரே பாட்டுக்குள் மூன்று வகை உரிமைகள் இருக்கின்றன. வரிக்கும் மெட்டுக்குமான உரிமை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும். பதிவுக்கான உரிமை செலவுசெய்து பதிவுசெய்தவருக்கு. பாடியதற்கும் வாசித்ததற்குமான உரிமை பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும். மலேசியாவில் முதல் வகைக்குப் பணம் திரட்டிக் கொடுப்பது எம்ஏசிபி. இரண்டாவதுக்கு பிபிஎம். மூன்றாவதுக்கு ஆர்பிஎம். வானொலியில் பாட்டு ஒலித்தாலும் உணவகத்தில் ஒலித்தாலும் இந்த அமைப்புகள் வழியாகவே பணம் வர வேண்டும். உறுப்பினராகப் பதியாதவருக்கு எவ்வளவு ஒலித்தாலும் ஒரு காசும் வராது.

பாட்டை எங்கேயாவது பதிவுசெய்தால்தான் உரிமை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வடிவம் பெற்ற அன்றே உரிமை பிறந்துவிடுகிறது. எழுதியவர் வாழும் காலம் முழுவதும், அதற்குப் பிறகு 50 ஆண்டுகளும் அது நிலைக்கும். வேண்டுமானால் அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓ-வில் தெரிவித்து வைக்கலாம். 2012 முதல் அந்த வசதி உண்டு. தகராறு வந்தால் சான்றாக உதவும்.

இனி இரண்டு விதிகளை மனத்தில் பதிய வையுங்கள். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். டீக்கடையில் "எடுத்துக்கோண்ணே" என்று சொன்னது செல்லாது. இரண்டாவது விதி நமக்குப் பாதகமானது. ஒருவர் காசு கொடுத்து உங்களிடம் ஒரு படைப்பைச் செய்து வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அதன் பதிப்புரிமை செய்யச் சொன்னவருக்கே போய்ச் சேரும். கடைக்குச் சின்னம் வரைந்து கொடுக்கும் தங்கையும், விளம்பரத்துக்கு முப்பது விநாடி இசை செய்து கொடுக்கும் தம்பியும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அந்தச் சின்னம் பத்துக் கிளைகளில் ஏறினாலும், கூடுதல் காசு கேட்க முன்கூட்டியே ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டும். எந்தப் பயனுக்கு, எவ்வளவு காலத்துக்கு, பெயர் எங்கே வரும், முன்பணம் எவ்வளவு என்று ஐந்தாறு வரி எழுதி இரு பக்கமும் கையெழுத்திட்டால் போதும்.

இதெல்லாம் பெரிய கலைஞர்களுக்கு நடக்காது என்று எண்ண வேண்டாம். அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் கூட்டணியில் 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகத் தமிழர் வாயிலெல்லாம் ஒலித்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். மூன்றாண்டு கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்குக் காசே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன்பே, ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு விடுபட்டதை ஒட்டி யாருக்கு எவ்வளவு பெயர் என்ற விவாதம் மூண்டது. நிலமிழந்து தோட்டங்களுக்குப் போன மூதாதையரைப் பற்றிப் பாடிய பாட்டுக்கே இந்தக் கதி. பி. ரம்லியும் 1973-இல் 44 வயதில் இறந்தபோது வறுமையில்தான் இருந்தார். புகழும் உரிமையும் தனித்தனித் தண்டவாளங்களில் ஓடுகின்றன.

இந்தக் கவனம் இரு பக்கமும் வேண்டும். தன் பாடல்களை அனுமதியின்றி மேடைகளில் பாடுவது குறித்து 2017-இல் இளையராஜா, எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வழக்கறிஞர் அறிவிக்கை அனுப்பியது நினைவிருக்கும். மேடையில் பிறர் பாட்டைப் பாடுவது குற்றமில்லை. ஆனால் டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சிக்கு உரிமம் எடுப்பது ஏற்பாட்டாளர் பொறுப்பு. அதுபோலவே இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 'பீட்' ஒன்றின் மேல் ராப் பாடி வெளியிடும் தம்பி, அந்த பீட்டை வாடகைக்கு எடுத்தாரா, முழுதாக வாங்கினாரா என்று பார்க்க வேண்டும். வாடகை பீட்டை அதே நாளில் இன்னும் நூறு பேர் எடுத்திருக்கலாம். பாட்டு பெரிதாகி வெளியீட்டு நிறுவனம் தேடி வரும்போது, அது உங்களுடையதே இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

பெரியவர்கள் பங்கு

விபத்து, நோய், முதுமை ஆகியவைதான் பெற்றோரின் உண்மையான பயம். அதற்கும் வழி இல்லாமல் இல்லை. சொந்தத் தொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் 2017-இல் சட்டமானது. 2020-இல் அது கலைஞர்களுக்கும் விரிந்தது. அதன் மிகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 200 வெள்ளிக்கும் கீழே. வேலையின்போது ஏற்படும் விபத்துக்கு அது கைகொடுக்கும். சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டம் உண்டு. முதலாளி இல்லாதவர் தானே பணம் போட்டால் அரசாங்கமும் வரம்புக்கு உட்பட்டு ஒரு பங்கு சேர்க்கும். மகன் கிட்டார் வாங்கக் காசு கேட்கும்போது, "முதலில் இந்த இரண்டிலும் பதிந்துவிட்டு வா" என்று அப்பா சொல்லலாம். அது மிரட்டலாக இருக்காது. கலையைத் தொழிலாக ஏற்றுக்கொண்டதற்கான அடையாளமாக இருக்கும்.

இளைஞர்களும் கணக்குக்குக் கட்டுப்பட வேண்டும். வரவு செலவை எழுதி வையுங்கள். இத்தனை ஆண்டு முயல்வேன், இன்னது நடந்தால் தொடர்வேன் என்று வீட்டில் பேசி ஒரு கெடு வையுங்கள். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிக்கு நேரத்தோடு போங்கள். திறமையில் உங்களுக்குச் சமமானவர் பலர் இருக்கும் ஊரில், சொன்ன நேரத்துக்கு வருபவரைத்தான் மறுமுறை கூப்பிடுவார்கள்.

கடைசியாக ஊருக்கும் சில வார்த்தைகள். "காசெல்லாம் எதுக்குத் தம்பி, உனக்குப் புரமோஷன் கிடைக்கும்ல" என்று சொல்லி இலவசமாகப் பாட வைக்கும் பழக்கம் நம் நிகழ்ச்சிகளில் ஊறிப்போயிருக்கிறது. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் அப்படிச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. தமிழகத்திலிருந்து வரும் கலைஞருக்கு விமானச் சீட்டும் ஹோட்டல் அறையும் கொடுக்கும் கையால், பாகான் டாலாம் குழுவுக்கு வேன் வாடகையாவது கொடுக்கலாமே. கோயில் நிர்வாகங்களும் பள்ளி வாரியங்களும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையமும் சேர்ந்தால் மூன்று காரியங்களைப் பெரிய செலவின்றிச் செய்ய முடியும். வாரத்தில் இரண்டு மாலை ஒத்திகைக்கு ஒரு மண்டபத்தைத் திறந்துவிடலாம். ஒவ்வொரு விழாவிலும் உள்ளூர் இளையோருக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, அழைப்பிதழில் அவர்கள் பெயரைப் போடலாம். ஆண்டுக்கு ஒரு முறை, உரிமைத்தொகை அமைப்பிலிருந்தும் சொக்சோவிலிருந்தும் அதிகாரிகளை வரவழைத்து, பிள்ளைகளை அங்கேயே பதிய வைக்கலாம்.

இவை எதுவும் நடக்காமலே இக்கரையிலிருந்து கலைஞர்கள் உருவாகத்தான் செய்வார்கள். இதுவரை அப்படித்தான் உருவானார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேர் நாற்பது வயதிலும் கலையிலேயே இருக்கிறார்கள் என்பதை ஊர்தான் தீர்மானிக்கிறது. அடுத்த திருவிழாவின் வரவு செலவுத் திட்டம் போட உட்காரும்போது, பூ, விளக்கு, சாப்பாடு என்ற தலைப்புகளுக்குக் கீழே உள்ளூர்க் கலைஞர் சம்பளம் என்று ஒரு வரியை நிர்வாகக் குழுக்கள் சேர்க்கட்டும். எத்தனை வெள்ளி என்பதை அவரவர் வசதிப்படி பிறகு பேசிக்கொள்ளலாம்.